படகைக் கண்டாலே நிறுத்துகிறார்கள்: உங்கள் அனுபவம் என்ன?

டாம்பாவிலிருந்து:

புளோரிடாவில் 2025 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்புச் சாமான்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் மாநில, உள்ளூர் அதிகாரிகள் இனிப் படகை நிறுத்தக் கூடாது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்பதற்குத் தகுந்த காரணம் கையில் இருக்க வேண்டும். 'போட்டர் ஃப்ரீடம் ஆக்ட்', அதாவது படகோட்டிகள் சுதந்திரச் சட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆளுநர் டிசாண்டிஸ் மே மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டார். பதிவு செய்த படகுகள் மட்டும் பத்து லட்சத்தை ஒட்டி இருக்கிற மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். மாமியாருக்குத் தண்ணீர் என்றாலே பயம், நைஸாகப் பேசித்தான் பான்டூன் என்கிற தட்டையான மிதவைப் படகில் ஏற்றினோம். மெமோரியல் டே விடுமுறை, விரிகுடா முழுக்கப் படகுகள். நான் ஓட்டியது ஆள் நடக்கிற வேகம். நீல விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு ரோந்துப் படகு பக்கத்தில் வந்து ஒட்டியது. இடுப்பில் துப்பாக்கியோடு இரண்டு பேர். முதல் கேள்வியே "படகில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" இருந்தது புளியோதரையும் ஒரு தூக்கு மோரும்.

லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். பதினாறு அடிக்குக் குறையாத படகில், விழுந்தவருக்குத் தூக்கி எறிய ஒரு மிதவையும் வேண்டும். எங்களிடம் இருந்தது சதுர மெத்தை மாதிரி ஒன்று. எங்கே என்று தேடினால் மாமனார் அதைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்பி, மெத்தையைத் தட்டிக் காட்டினேன். அடுத்து தீயணைப்பு சிலிண்டர். கவிழ்த்துப் பிடித்து அடியில் பொறித்திருக்கும் வருடத்தை டார்ச் அடித்துப் படித்தார்கள். 2022 ஏப்ரலிலிருந்து, மறுபடி நிரப்ப முடியாத சிலிண்டர் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் செல்லாது. எங்களுடையது புதுசு. கடைசியாக முன்பக்கம் ஒட்டியிருக்கும் பதிவு எண். எழுத்து மூன்று அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. புளோரிடாவைக் குறிக்கும் எஃப்எல் என்ற எழுத்துக்கும் அடுத்து வரும் எண்ணுக்கும் நடுவே ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும். அதிகாரி அவருடைய படகிலிருந்து குனிந்து, விரலை வைத்து அந்த இடைவெளியை அளந்தார். ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார்.

அபராதம் இல்லை. நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, வேறொரு துறையின் படகு வந்து நின்றது. "இப்போதுதானே பார்த்துவிட்டுப் போனார்கள்" என்றேன். "அது அவர்கள். நாங்கள் வேறு" என்றார். மாமனார் தானாகவே எழுந்து மெத்தையை நீட்டினார்.

விதிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்தத் தப்பும் செய்யாதவனை நிறுத்துவதுதான் உறுத்துகிறது. காரில் போனால் இப்படிச் செய்ய முடியாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் கண்ட காரையெல்லாம் நிறுத்தக் கூடாது என்று 1979-ல் டெலவேர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாலு வருடம் கழித்து, 1983-ல், லூசியானாவில் பிடிபட்ட பாய்மரப் படகு வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று வேறு மாதிரி சொன்னது. கடலுக்குப் போக வழியுள்ள தண்ணீரில், துளி சந்தேகம் இல்லாவிட்டாலும் அதிகாரிகள் படகில் ஏறி ஆவணம் பார்க்கலாமாம். தண்ணீரில் செக்போஸ்ட் போட முடியாது, படகின் மேலிருக்கும் அடையாளத்தை வைத்து கார் நம்பர் பிளேட் போல எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள முடியாது என்பதெல்லாம் காரணம். அந்தப் படகில் கஞ்சா மூட்டை வேறு இருந்தது, அதுவும் நமக்கு வினையாகப் போயிற்று.

கீ லார்கோவிலிருந்து:

தம்பி, உங்களுக்காவது பகல். நான் ஓய்வு பெற்றவன், 34 அடி பாய்மரப் படகில் பாதி வருடம் தண்ணீரிலேயே இருப்பவன். நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்னால் படகின் பக்கவாட்டில் டப் டப்பென்று தட்டுகிற சத்தம். லுங்கியோடு மேலே வந்தால் முகத்தில் வெள்ளை விளக்கு. எந்தத் துறை என்று இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் ஏறினார்கள். கறுப்பு பூட்ஸ். வெள்ளை டெக்கில் பதிந்த அந்தக் கறுப்புக் கோடுகளைத் தேய்த்து எடுக்க ஒரு வாரம் பிடித்தது.

அவர்களுக்கு வேண்டியது என் கழிப்பறை. விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படகுக் கழிப்பறையிலிருந்து வரும் குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை படகிலிருக்கும் கழிவுத் தொட்டிக்கு, இன்னொன்று கடலுக்கு. பிரியும் இடத்தில் இருப்பதுதான் ஒய்-வால்வு. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் அதன் கைப்பிடி தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தால் மட்டும் போதாது, யாரும் திருப்ப முடியாதபடி பூட்டியோ கட்டியோ இருக்க வேண்டும். கீஸ் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் சரணாலயத்தில் இதில் ரொம்பவே கண்டிப்பு, பவளப்பாறை இருப்பதால் அது நியாயம்தான். நான் கேபிள் டை போட்டிருந்தேன். ஓர் இளைஞன், என் பேரனைவிட நாலைந்து வயது கூட இருக்கும், தரையில் படுத்து கையை உள்ளே விட்டு அந்த டையை இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு எண்ணெய் கொட்டாதே என்கிற பலகை எங்கே, குப்பை போடாதே என்கிற பலகை எங்கே என்று கேட்டார்கள். 26 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். என்ஜின் அறைக் கதவில் ஒன்று, சமையல் மேடைக்கு மேலே ஒன்று. இரண்டும் இருந்தன.

எல்லாம் முடிந்து ஒரு மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள், குறை எதுவும் இல்லை என்று. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை யாராவது ஏறினால் காட்டுங்கள் என்றார் மூத்தவர். அடுத்த முறை காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

டாம்பா தம்பி 1983 தீர்ப்பைச் சொன்னார். வேர் அதற்கும் முந்தையது. சுங்க வரி ஏய்க்கிற கப்பல்களைப் பிடிக்க அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கேட்டு வாங்கிய ரோந்துக் கப்பல்கள், 1790-ல் வந்த சட்டம். அன்றைக்குக் கப்பல் என்றால் சரக்கு, சரக்கு என்றால் வரி. அந்த அதிகாரம்தான் கை மாறிக் கை மாறி இன்றைக்குக் கடலோரக் காவல் படையான கோஸ்ட் கார்டிடம் இருக்கிறது. வரி கட்ட வேண்டிய சரக்கு எதுவும் என் படகில் இல்லை, இரண்டு கிலோ பொன்னி அரிசியைத் தவிர.

ஃபோர்ட் மையர்ஸிலிருந்து:

புதுச் சட்டத்துக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நிறுத்துவது குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் இப்போது தள்ளி நின்று பைனாகுலரில் பார்க்கிறார்கள். ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கரின் நிறம், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஜாக்கெட் போட்டிருக்கிறதா (26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது கட்டாயம்), மனாட்டி என்கிற கடற்பசு இருக்கும் பகுதியில் அலை எழும்புகிறதா என்று. ஏதாவது ஒன்று கிடைத்தால் அப்புறம் எல்லாவற்றையும் பார்க்கலாமே.

மனாட்டி விஷயத்தில் ஒரு சிக்கல். 'ஐடில் ஸ்பீடு' என்று பலகை இருந்தால் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் போக வேண்டும். 'ஸ்லோ ஸ்பீடு' என்றால் படகு தண்ணீரில் முழுசாக உட்கார்ந்து, பெரிய அலை எழுப்பாமல் போகலாம். சில இடங்களில் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை ஒரு விதி, மற்ற மாதங்களில் வேறு விதி. கால்வாய் ஒன்றில் நூறு அடிக்குள் மூன்று பலகை பார்த்திருக்கிறேன், மூன்றும் வேறு வேறு. நடுவிலிருந்த பலகையின் மேல் பெலிக்கன் உட்கார்ந்து எழுத்து பாதி மறைந்து போயிருந்தது. என்னை நிறுத்தியவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார், எச்சரித்து அனுப்பினார். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கரை ஏறியதும் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு ஸ்னூக் இருந்தது, பார்க்க நம் ஊர்க் கொடுவா மாதிரி இருக்கும். மேற்குக் கரையில் 28 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 33-க்கு மேலே போகவும் கூடாது. வாலைக் கிள்ளிப் பிடித்து அளந்தார். மீன் அளப்பதில் எனக்குச் சம்மதமே. அளக்காவிட்டால் மீன் மிஞ்சாது.

ஜாக்சன்வில்லிலிருந்து:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் கோஸ்ட் கார்டு துணைப்படையில் தன்னார்வலர். எங்களுக்கு யாரையும் பிடிக்கிற அதிகாரம் கிடையாது. படகு இறக்கும் துறையில் நின்று, கேட்பவர்களுக்கு இலவசமாகச் சோதனை செய்து ஒரு ஸ்டிக்கர் தருவோம், குறை இருந்தால் உங்களிடம் மட்டும் சொல்வோம்.

அங்கே நான் பார்ப்பது என்ன தெரியுமா? ஜாக்கெட் எல்லாம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு, சீட்டுக்கு அடியில், அதற்கு மேலே நங்கூரம், அதற்கும் மேலே பீர் பெட்டி. 2023-ல் நாடு முழுக்கப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். மூழ்கி இறந்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் ஜாக்கெட் போடாதவர்கள். என்ஜினை அணைக்கும் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று 2021 ஏப்ரலில் விதி வந்தது. 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு. மாட்டுகிறவர்கள் எத்தனை பேர்? ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டு, ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே ஏறுவதற்குத்தான் அந்த விதி. இதை நான் நேரில் பார்த்தேன், விவரம் எழுத மனம் வரவில்லை.

டாம்பாவிலிருந்து:

அக்கா, நீங்கள் சொல்வதில் மறுப்பில்லை. ஆனால் நீங்கள் துறையில் நின்று, படகு தண்ணீரில் இறங்கும் முன்பே, கேட்பவர்களுக்குச் செய்கிறீர்கள். அதையே அவர்களும் செய்யலாமே? நடுக்கடலில் துப்பாக்கியோடு ஏறித்தான் ஜாக்கெட்டை எண்ண வேண்டுமா? அன்றைக்கு நடுங்கிப் போன மாமியார் அதற்கப்புறம் அந்தப் படகில் கால் வைக்கவே இல்லை.

டொரொன்டோவிலிருந்து:

எங்கட பக்கக் கதை ஒன்று. நாடு வேறு, சட்டம் வேறு, மண்டையிடி ஒன்றுதான்.

அப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. பிறந்தது வல்வெட்டித்துறை. தண்ணீரைப் பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லுவார். சிம்கோ ஏரிக்குப் பதினாறு அடி அலுமினியப் படகில் வெளிக்கிட்டோம். பின்னால் என்ஜின் பிடியில் அப்பா. கரைக்குக் கிட்ட வரும்போது ரோந்துப் படகு மறித்தது. கனடாவில் 2009 செப்டம்பர் 15-க்குப் பிறகு, என்ஜின் பூட்டிய படகை யார் ஓட்டினாலும் ஓட்டத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி அட்டை வேண்டும். படகுச் சொந்தக்காரனிடம் இருந்தால் போதாது, பிடியில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது. அப்பாவிடம் இல்லை.

அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல மெல்ல மெல்ல, சத்தமாக. அப்பாவை எழுப்பி முன்னால் இருக்கவைத்தார். பிறகு எறிகயிற்றைக் கேட்டார். 15 மீற்றருக்குக் குறையக் கூடாது. கயிற்றை வெளியே இழுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார். அப்பாவும் உதட்டுக்குள் கூடவே எண்ணினார். ஒன்பதாவது விரிப்பில் அதிகாரி தடுமாற, அப்பா தமிழில் "பத்து" என்றார். தண்டம் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

வழியெல்லாம் அப்பா பேசவில்லை. கார் ஏறியதும் சொன்னார்: "எங்கட ஊரில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938-ல் பாய் விரிச்சு அமெரிக்கா வந்து சேர்ந்தது. மசாசூசெட்ஸ், குளோஸ்டர் துறைமுகம். அவங்களிட்ட ஆர் கேட்டது காட்?"

அந்த மாதமே இணையத்தில் சோதனை எழுதினார். 50 கேள்வி, நூற்றுக்கு 75 எடுக்க வேண்டும். எடுத்துவிட்டார். அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைக்கமாட்டார், மீன் தூண்டில் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: நிரந்தரமான படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை இல்லாத படகில் நங்கூரம் போட்டு நின்றாலும் மது குடிக்க முடியாது. புளோரிடா ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

டாம்பாவிலிருந்து:

சிரிக்கவில்லை அண்ணை, இங்கேயும் ஓட்டுபவர் ரத்தத்தில் மது 0.08 சதவீதத்தைத் தொட்டால் உள்ளே போக வேண்டியதுதான். அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

ஜாக்சன்வில் அக்காவிடம் ஒரு கேள்வி. புதுச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை செல்லுகிற பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒட்டிவிட்டால் யாரும் ஏற மாட்டார்களா?

ஜாக்சன்வில்லிலிருந்து:

அப்படி இல்லை. அது புளோரிடா மாநிலத்தின் ஸ்டிக்கர். கோஸ்ட் கார்டு மத்திய அரசு, மாநிலச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. கீ லார்கோ ஐயா சொன்ன 1790 அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் தரும் ஸ்டிக்கருக்கும் இதே கதை. ஒட்டியிருந்தால் கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொண்டு போவார்கள் என்பது என் அனுபவம், அதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் ஸ்டிக்கரை வாங்குங்கள், ஆனால் பதிவுச் சான்றிதழை வீட்டு டிராயரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஓட்டினால், படகுப் பாதுகாப்புப் படிப்பை முடித்ததற்கான அவர்களுடைய அட்டையும் படகில் இருக்கட்டும். கழிப்பறை உள்ள படகுக்காரர்கள் கேபிள் டை ஒரு கட்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், சோதனைக்கு வருபவர்கள் இழுக்கிற இழுப்பில் பழைய டை அறுந்துவிடும்.