ஒன்டாரியோவில் பிக்கப் வைத்து ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு: சைலன்சர் மாற்றும் முன்

பிராம்ப்டனுக்கு வந்து எட்டு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பழைய வி8 பிக்கப் வாங்கி, புல்வெட்டும் மெஷின்களை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாராம். பனிக்காலம் முடிந்ததும் வண்டி உறும ஆரம்பித்துவிட்டது. கடையில் மூன்று விதமாக மூன்று விலை சொல்கிறார்கள். எதை எடுப்பது? நானும் இதே இடத்தில் நின்று தப்பாக எடுத்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். நம்மூரில் பின்னால் வரும் குழாய் முழுவதையும் சைலன்சர் என்போம். இங்கே கடையில் அப்படிச் சொன்னால் முழிப்பார்கள். மொத்தத்துக்கும் பெயர் எக்ஸாஸ்ட். சத்தத்தை அடக்கும் டப்பா மட்டும் மஃப்ளர். அதற்கு முன்னால் இருப்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைப்பது. கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து வால் குழாய் வரை ஒரே செட்டாக வந்தால் அது கேட்-பேக். உங்களுக்குப் பெரும்பாலும் இது போதும்.

ஆனால் காசு கொடுக்கும் முன், எங்கே ஓட்டை என்று பாருங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கிப்போனால், கோளாறு அநேகமாக மேனிஃபோல்டில், அதாவது என்ஜினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் பகுதியில்: போல்ட் உடைந்திருக்கும், இல்லை இடையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கும். அதற்கு எவ்வளவு நல்ல கேட்-பேக் போட்டாலும் பயனில்லை. உறுமல் கேபினுக்கு அடியிலிருந்து வந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு விஷ வாயு; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டும்போது தலை வலித்தால் ஜன்னலைத் திறந்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்குங்கள்.

இங்கே குழாயை இரண்டு பக்கமும் அரிக்கும். வெளியே சாலையில் கொட்டுகிற உப்பு. உள்ளே தண்ணீர். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். பக்கத்துத் தெரு வரை போய் நிறுத்தினால் குழாய் முழுசாகச் சூடேறாமல் அந்த நீர் மஃப்ளருக்குள்ளேயே தங்கிவிடும். என் பழைய மஃப்ளர் வெளியிலிருந்து பார்க்கத் திடமாகத்தான் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். உள்ளே மண் சரிவதுபோல் சத்தம், தையலோரத்திலிருந்து துரு செதில் செதிலாக முகத்தில் விழுந்தது.

அதனால் உலோகத்தில்தான் யோசிக்க வேண்டும். மலிவானது அலுமினைஸ்டு ஸ்டீல்: சாதா இரும்புமேல் அலுமினியப் பூச்சு. வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். அடுத்தது 409 ஸ்டெயின்லெஸ். மேலே பழுப்பாக நிறம் மாறும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பல வண்டிகள் கம்பெனியிலிருந்து வருவதே இதில்தான். 304 தான் மேல். நிக்கல் கலந்தது, உப்புக்கு நன்றாகத் தாங்கும், விலையும் அப்படித்தான். கடைக்காரர் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்றால் விடாதீர்கள், எந்த எண் என்று கேளுங்கள். ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் 409-இல் ஒட்டும், 304-இல் கிட்டத்தட்ட ஒட்டவே ஒட்டாது. என் கணக்கில், வண்டியை இரண்டு வருடத்தில் விற்பதாக இருந்தால் அலுமினைஸ்டு போதும். அதையே நம்பித் தொழில் செய்கிறீர்கள் என்றால் 409-க்குக் கீழே இறங்காதீர்கள்.

அளவில்தான் நான் ஏமாந்தேன். "பெரிய குழாய் போட்டால் இழுவை கூடும்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, இருந்ததைவிடப் பெரிய குழாயும், உள்ளே தடுப்புத் தடுப்பாக அறை வைத்த மஃப்ளரும் போட்டேன். ட்ரெய்லர் இழுக்கும் என்ஜின் பெரும்பாலும் வேலை செய்வது 2,000-இலிருந்து 3,000 ஆர்பிஎம் வரை. குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் குறைந்து, அந்த இடத்தில்தான் இழுவை மந்தமாகும். ஐந்து லிட்டரைச் சுற்றியுள்ள டர்போ இல்லாத வி8-க்கு ஒற்றை மூன்று அங்குலக் குழாய் தாராளம். எதைப் போட்டாலும் கதவுத் தூணிலும் கையேட்டிலும் எழுதியிருக்கும் எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

அந்த மஃப்ளரோடு குடும்பத்தையும் ட்ரெய்லரையும் கூட்டிக்கொண்டு சட்பரி போனோம், சுமார் 400 கிலோமீட்டர். ஹைவே வேகம் பிடித்ததும் கேபினுக்குள் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். வழியில் பாரி ஊரைத் தாண்டுவதற்குள் என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இதற்குத்தான் ட்ரோன் என்று பெயர். கடை வாசலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டினால் இது தெரியவே தெரியாது. ஹைவேயில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். முடியாவிட்டால் கம்பெனி மாதிரியே வரும் மஃப்ளரை எடுங்கள், ரீங்காரத்தைக் குறைக்கும் ரெசனேட்டர் என்ற டப்பா இருந்தால் கழற்ற விடாதீர்கள்.

வால் குழாய் பின் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் திறப்பதுதான் இழுவைக்கு நல்லது. நேர் பின்னால் இரட்டைக் குழாய் அழகுதான். ஆனால் சூடும் கரியும் ட்ரெய்லர் முகப்பில் அடிக்கும், விளக்கு ஒயர் செருகும் ஏழு முனை சாக்கெட்டுக்கும் சூடு ஆகாது. ட்ரெய்லர் மாட்டும் ஹிட்ச்சுக்கும் ஸ்பேர் டயருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்டாரியோவின் ஹைவே டிராஃபிக் சட்டம் 75-ஆம் பிரிவு, மஃப்ளர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்கிறது. நேர்க்குழாய், உள்ளே குடைந்த மஃப்ளர் இரண்டுக்கும் தடை. நாளைக்கு வண்டியை விற்கும்போது, அது சாலைக்குத் தகுதி என்று சோதித்துத் தரும் சேஃப்டி சர்டிஃபிகேட்டிலும் மாட்டிக்கொள்வீர்கள். டீசல் வண்டியாக இருந்தால் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப்பைக் கழற்றச் சொல்வார்கள், அதற்கும் இதே பதில்தான்.

பின்சேர்க்கை: ஆன்லைனில் வாங்கலாமா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வாங்கலாம் அக்கா. ஆனால் ஒரே மாடலிலேயே கேபினும் பின்பெட்டி நீளமும் மாறினால் குழாய் நீளமும் மாறும். இரண்டையும் அளந்து, வருடத்தோடு சேர்த்துப் பாருங்கள். விலையோடு 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரியையும் கணக்கில் வையுங்கள். இணைப்புக்கு யு-போல்ட் வேண்டாம், குழாயை நசுக்கிவிடும், பிறகு கழற்ற முடியாது; பட்டையாக இருக்கும் பேண்ட் கிளாம்ப் கேளுங்கள். நீங்களே மாட்டுவதென்றால் முதல் நாள் இரவே பழைய நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், வண்டி ஆறிய பிறகு கிளாம்ப்களை இன்னொரு முறை முறுக்குங்கள்.