புதுப்பிப்பு: மூன்று முறை தோற்ற பிறகு

கணக்குத் தணிக்கையாளர் தேர்வில் மூன்றாவது முறையும் தோற்றபோது, இனி எதற்காக எழுந்திருப்பது என்று சென்ற ஆண்டு எழுதியிருந்தேன். லூயி பிரெயிலைப் பற்றிப் படிக்கும்படி ஒருவர் பதிலளித்தார்.

3 வயதில் தந்தையின் பட்டறையில் குத்தூசி கண்ணில் பாய்ந்து, பிறகு பார்வையை முழுவதும் இழந்தவர். 1824இல், 15 வயதில், அதுபோன்ற கூர்முனையால் காகிதத்தில் குத்தி, பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் 6 புள்ளி எழுத்துமுறைக்கு வடிவம் தந்தார். காயப்படுத்திய கருவியே! அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான்காம் முறை எழுதவில்லை. என்னை வீழ்த்திய செலவுக் கணக்கியலில் எந்த வரியில் கால் இடறும் என்பது எனக்கு அத்துப்படி. அதையே, தோற்றவர்களுக்குக் கற்பிக்கிறேன். இருவர் வந்தார்கள், இப்போது 11 பேர். பட்டம் கிடைக்காத வலி இன்னும் இருக்கிறது. நேற்று ஒரு மாணவி தேர்ச்சி பெற்றாள். மதிப்பெண்ணைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள், நானும்தான்.