சிபில் அறிக்கையில் கறை: உங்கள் அனுபவம் என்ன?

திருச்சிக்காரன்
போன மாதம் வீட்டுக் கடனுக்குப் போயிருந்தேன். கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் அறிக்கையைத் திறந்து, மேலாளர் திரையை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: 'செட்டில்டு', அதாவது பாக்கியைக் குறைத்துக் கட்டி முடித்த கணக்கு. 2020இல் வேலை போனபோது கார்டு பாக்கி 46,000. வசூலுக்கு வந்தவர், "28,000 கட்டுங்க சார், கணக்கை முடிச்சிடலாம்" என்றார். மனைவியின் வளையலை விற்றுக் கட்டினேன். கடிதமும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கடிதத்தை நீட்டினால், மேலாளர் படித்துவிட்டு, "இதுதான் சார் பிரச்சினையே" என்கிறார். ஏமாற்றிவிட்டார்கள்.

வைகைக்கரை
எனக்கு வெறும் 590 ரூபாய். அலுவலகத்துக்கே வந்து தலையில் கட்டிய கார்டு, ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90. பில் எல்லாம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராக்கடன் என்று பார்த்த அன்று இரவு தூக்கமே இல்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
திருச்சிக்காரன், ஏமாற்று என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 18,000 தள்ளுபடியானால் அது பதிவாகத்தான் செய்யும். ஆனால் அதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லாதது பெரிய தவறு. அந்த மீதியைக் கட்டத் தயார் என்று வங்கிக்கு எழுதுங்கள். கட்டியதும் 'பாக்கி இல்லை' சான்றிதழ் வாங்கி, 'குளோஸ்டு', அதாவது முழுதாகக் கட்டி முடித்த கணக்கு என்று மாற்றச் சொல்லுங்கள். வைகைக்கரை, நீங்கள் பதிவு தவறு என்று சிபிலில் தகராறு மனு போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்புறம், சிபில் மட்டும் பார்த்தால் போதாது. கடன் விவரம் சேர்க்கும் நிறுவனங்களில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்கும் இருக்கின்றன. நான்கிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். பணம் கொடுத்தால் அழித்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

கீழத்தெரு
நான் கடனே வாங்கவில்லை ஐயா. மச்சானின் டிராக்டருக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும்தான். என் அறிக்கையில் மாதக் கட்டங்கள் 000, 000, 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போகின்றன. எத்தனை நாள் தாமதம் என்பதுதான் அந்த எண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த 061 மாதம் தீபாவளி. எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார், என் பக்கத்து இலையில். தவணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருச்சிக்காரன்
ஐயா, இன்றைக்கே எழுதுகிறேன். 18,000 கட்ட இப்போது என்னால் முடியும். அன்றைக்கே சொல்லியிருந்தால் எப்படியாவது புரட்டியிருப்பேன்.