எல்க் வேட்டைக்கு எடை குறைந்த ரைஃபிளா, கனமானதா?

வணக்கம் நண்பர்களே. வரும் அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில் என் முதல் எல்க் (பெரிய மான் இனம்) வேட்டை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டேன். ரைஃபிள்தான் இன்னும் முடிவாகவில்லை; .308 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைஃபிள் என்பது மட்டும் உறுதி.

கடையில் டிக்கா டி3எக்ஸ் லைட் என்ற இலகுவான ரைஃபிளைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் சுமார் 3 கிலோ. நாங்கள் போகும் இடம் 9,000 அடிக்கு மேல். அங்கே சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும், தோளில் அரை கிலோ குறைந்தாலும் லாபம்தான்.

ஆனால் உடன் வரும் அண்ணனுடைய துப்பாக்கி ஸ்கோப்போடு நாலேகால் கிலோ. ரேஞ்சில் அதைச் சுட்டபோது உதை குறைவு, குழலும் ஆடாமல் நின்றது. அப்புறம் இன்னொருவரின் இலகுவான ரைஃபிளில் 10 குண்டு சுட்டதும் தோள் கன்றிவிட்டது. கடைசி மூன்றுக்கு ட்ரிக்கரை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டேன் (சொல்லவே வெட்கமாக இருக்கிறது).

இரண்டையும் மலையில் சுமந்தவர்கள் சொல்லுங்கள். மேலே ஏறி இளைத்துக்கொண்டே குறிபார்க்கும்போது இலகுவான குழல் இன்னும் அதிகமாக ஆடுமா? துப்பாக்கியின் தோளில் பதியும் கட்டையில் தடித்த ரப்பர் பட்டை போட்டால் உதை உண்மையிலேயே அடங்குமா? உதையைக் குறைக்கக் குழல் நுனியில் மாட்டும் மசில் பிரேக் மட்டும் வேண்டாம், அந்தச் சத்தம் என் காதுக்கு ஆகாது.