புதுப்பிப்பு: லீஃப்நோட் ஓட ஆரம்பித்துவிட்டது

லீஃப்நோட் என்பது யூஸ்நெட் (இணைய விவாதக் குழுக்கள்) பதிவுகளை நம் கணினியிலேயே இறக்கி வைத்துத் தரும் சிறு நியூஸ் சர்வர். வீட்டுக் கணினியில் போட்ட அதோடு தண்டர்பேர்ட் (மெயிலும் நியூஸும் வாசிக்கும் மென்பொருள்) இணைந்த கையோடு துண்டித்துக்கொள்கிறது என்று கேட்டிருந்தேன். பலரும் ஃபயர்வாலைப் பார்க்கச் சொன்னீர்கள். அங்கே கோளாறு இல்லை. சர்வரோடு நேரடியாகப் பேசிப் பார்க்க உதவும் டெல்நெட்டில் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி), போர்ட் 119 (நியூஸ் சர்வருக்கான போர்ட்) என்று தட்டியதும் பிடிபட்டது. வரவேற்பு வரிக்குப் பதிலாக, கணினிக்கு முழு டொமைன் பெயர் (டொமைனோடு சேர்ந்த முழுப் பெயர்) இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது.

இதில் லீஃப்நோட் ரொம்பக் கறார். யூஸ்நெட்டில் ஒவ்வொரு பதிவின் அடையாளக் குறியான மெசேஜ்-ஐடியும் உலகத்திலேயே தனித்து இருக்க வேண்டும். அதில் @ குறிக்குப் பின்னால் வருவது நம் கணினியின் பெயர். எல்லோரும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே வைத்தால் இரண்டு பதிவுகளுக்கு ஒரே ஐடி அமையலாம். அப்போது பிந்தி வருவதை மற்ற சர்வர்கள் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று தள்ளிவிடும். இந்தக் கண்டிப்பு நியாயம்தான். என் டொமைனுக்குக் கீழே ஒரு துணைப்பெயரை கான்ஃபிக் கோப்பின் ஹோஸ்ட்நேம் வரியில் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

குழுக்கள் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். நாம் திறந்து பார்த்த குழுவுக்கு மட்டும்தான் லீஃப்நோட்டோடு வரும் ஃபெட்ச்நியூஸ் நிரல் பதிவுகளை இறக்கும். முதல் தடவை இருக்கும் ஒற்றை அறிவிப்புப் பதிவை வாசித்துவிட்டு, ஃபெட்ச்நியூஸை மறுபடி ஓட்டுங்கள்.

பழைய பதிவுகளைக் கழிக்கும் டெக்ஸ்பயர் நிரலை க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போடுவது மட்டும் பாக்கி.