விமானக் குலுக்கலும் தாய்லாந்து மீதான அவநம்பிக்கையும்

கேள்வி: 2024 மே 21 அன்று லண்டன்–சிங்கப்பூர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ321 பயங்கரமாகக் குலுங்கி பாங்காக்கில் இறங்கியது. பெல்ட் போட்டால் போதுமா? தாய்லாந்தில் ஆட்சியே நிலையாக இல்லை, அங்கே நடக்கும் விசாரணையை எப்படி நம்புவது?

பதில் 1: விசாரணை தாய்லாந்துடையது அல்ல. குலுங்கியது மியான்மர் வான்பரப்பில். விசாரித்தது சிங்கப்பூரின் போக்குவரத்து விபத்து விசாரணை அமைப்பு. அதன் முதற்கட்ட அறிக்கைப்படி விமானம் 4.6 விநாடியில் 178 அடி இறங்கியது. 0.6 விநாடிக்குள் உடல் உணரும் விசை (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) +1.35ஜியிலிருந்து −1.5ஜி! மைனஸ் என்றால் உடல் மேலே வீசப்படும். பெல்ட் போடாதவர் கூரையில்தான் மோதுவார். பெல்ட் விளக்கு எரிந்து 8 விநாடிதான் ஆகியிருந்தது, அதற்குள் எல்லோராலும் மாட்டிவிட முடியாது. ஆகவே விளக்கு அணைந்திருந்தாலும் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றின் மேல் ஏறக்கூடாது. போர்வைக்கு மேலே பெல்ட் தெரிந்தால் பணிப்பெண் தூக்கத்தில் எழுப்பமாட்டார்.

பதில் 2: விமானத்தின் வானிலை ரேடார் நீர்த்துளியைத்தான் காட்டும், மேகமில்லாத தெளிந்த வானக் குலுக்கல் அதில் விழாது. இறக்கையருகே உள்ள இருக்கையில் ஆட்டம் குறைவு. மடிக்குழந்தையை இந்த விசையில் கையால் பிடித்து நிறுத்தவே முடியாது, தனி இருக்கை வாங்குங்கள்.

பதில் 3: அரசியல் சந்தேகம் நியாயமானதே. 2023 தேர்தலில் 151 இடம் வென்ற மூவ் ஃபார்வர்டு கட்சியை, ராணுவம் நியமித்த செனட் (மேலவை) ஆட்சி அமைக்கவிடாமல் தடுத்தது. 2024 ஆகஸ்ட் 7இல் கட்சியே கலைக்கப்பட்டது, ஒரே வாரத்தில் பிரதமர் ஸ்ரெத்தாவும் நீக்கம். வாக்களித்தவர்களுக்கு இது பச்சை அநியாயம். ஆனால் அன்று காயமடைந்தவர்களைக் கவனித்த பாங்காக் மருத்துவர்களை அதோடு சேர்க்காதீர்கள்.