19 கம்ப்யூட்டருக்கு ஒரே பிரிண்டர்: டிரைவர் போடும்போதெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது

கேள்வி (பள்ளி கம்ப்யூட்டர் டீச்சர்):
வணக்கம். எங்கள் பள்ளியில் லேப், ஆபீஸ், ஸ்டாஃப் ரூம் சேர்த்து 19 கம்ப்யூட்டர். 17-இல் விண்டோஸ் 10 அல்லது 11, மீதி இரண்டும் விண்டோஸ் 7. சர்வர் கிடையாது, எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கிடையாது, ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும் வெறும் ஒர்க்குரூப்தான். ஒரு லேசர் பிரிண்டரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் மாட்டி ஷேர் செய்திருக்கிறோம். மற்ற கம்ப்யூட்டரிலிருந்து கனெக்ட் செய்தால் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) போட அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. கொடுத்தாலும் சிலவற்றில் 11பி என்று முடியும் பிழை எண் வருகிறது. ஒரு முழு மதியம் உட்கார்ந்து ஆறு கம்ப்யூட்டரைத்தான் முடிக்க முடிந்தது. அதிலும் நான் லாகின் செய்தால் பிரிண்டர் தெரிகிறது, மாணவர் லாகினில் தெரிவதில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் யாருக்குமே பிரிண்ட் இல்லை. அடுத்த வாரம் காலாண்டுத் தேர்வு வினாத்தாள் எடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில் 1:
எங்கள் ஆபீஸில் இதே தொல்லை இருந்தது மேடம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில், டிரைவர் போடுவதை அட்மினுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தும் மதிப்பு ஒன்று இருக்கிறது. அதை 0 ஆக்கினால் பாஸ்வேர்டே கேட்காது. இரண்டு நிமிட வேலை.

பதில் 2 (நெட்வொர்க் சர்வீஸ் வேலை பார்ப்பவர்):
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் டீச்சர். அந்தப் பூட்டு ஏன் வந்தது என்று பாருங்கள். 2021 ஜூலையில் பிரிண்ட் நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர், விண்டோஸில் ஆக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிற சர்வீஸ். சாதாரண லாகினில் இருப்பவர்கூட டிரைவர் என்ற பெயரில் எந்த ஃபைலையும் அதற்குள் நுழைத்து முழு கம்ப்யூட்டரையும் பிடித்துவிடலாம் என்ற நிலை. அதனால்தான் அந்த ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து டிரைவர் போட அட்மின் வேண்டும் என்று ஆனது. நாள் முழுக்கப் பிள்ளைகளின் பென் டிரைவ் வந்து போகிற லேபில் அதைத் திறந்துவைப்பது வாசல் கதவைக் கழற்றி வைப்பதுபோல. 11பி பிழைக்கும் இதேபோல் ஒரு பூட்டைத் தளர்த்தச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம்.

ஷேரிங்கையே விட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் போய்விடும். பிரிண்டரின் பின்பக்கம் லேன் கேபிள் மாட்டும் துளை இருக்கிறதா?

டீச்சர்:
இருக்கிறது! மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

பதில் 2:
அப்படியென்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து ஒரு கேபிள் இழுத்து பிரிண்டரில் மாட்டுங்கள். அதற்கு மாறாத ஐபி (நெட்வொர்க் முகவரி எண்) கொடுக்க வேண்டும், இதில் அலட்சியம் வேண்டாம். ரூட்டர் தானாகக் கொடுக்கிற ஐபியை நம்பினால், கரண்ட் போய் வந்த ஒரு நாள் எண் மாறி 19 கம்ப்யூட்டரும் ஒன்றாக நின்றுவிடும். ரூட்டர் கடைசி எண்ணை 100-லிருந்து பங்கிடுகிறது என்றால் பிரிண்டருக்கு 192.168.1.20 மாதிரி அந்த வரம்புக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுங்கள்.

பிறகு டிரைவர். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கும் ஃபைலை செவன்ஜிப் என்ற மென்பொருளில் பிரித்தால் உள்ளே டிரைவர் விவரம் அடங்கிய ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்), அதற்குள் நான்கு கட்டளை. பிஎன்பியுடில், டிரைவரை விண்டோஸின் டிரைவர் கிடங்கில் சேர்க்கும். அடுத்த மூன்றும் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஓடுபவை: ஆட்-பிரிண்டர்டிரைவர், ஆட்-பிரிண்டர்போர்ட் (அந்த ஐபியைக் கொடுத்து), கடைசியாக ஆட்-பிரிண்டர். இப்படி ஐபி போர்ட் வழியாகப் போட்ட பிரிண்டர் அந்தக் கம்ப்யூட்டரில் யார் லாகின் செய்தாலும் தெரியும். ஷேர் கனெக்‌ஷன் அந்தந்த லாகினுக்கு மட்டும் சேர்வதால்தான் மாணவர்களுக்குத் தெரியாமல் போனது.

டிரைவர் பெயர் ஐஎன்எஃபில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் கையால் போட்டுவிட்டு, கெட்-பிரிண்டர்டிரைவர் காட்டும் பெயரை காப்பி செய்வது நல்லது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் அனுப்பவும் வழி உண்டு. ஆனால் டொமைன் இல்லாத இடத்தில் அதற்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முன்னேற்பாடு செய்ய வேண்டும். 19-க்கு பென் டிரைவோடு நடப்பதே சீக்கிரம் முடியும்.

பதில் 3:
பேப்பர் அளவையும் அந்த பேட்ச் ஃபைலிலேயே ஏ4 என்று போட்டுவிடுங்கள் டீச்சர், செட்-பிரிண்ட்கான்ஃபிகரேஷன் என்ற கட்டளை. சில டிரைவர்கள் லெட்டர் அளவோடு வரும். பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்து நிற்கும், நாம் டிரைவர் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருப்போம். நான் இரண்டு நாள் இதில் தொலைத்தேன்.

டீச்சர்:
இன்று உட்கார்ந்தேன். முதல் கம்ப்யூட்டரிலேயே, கிடங்கில் அந்த டிரைவர் இல்லை என்று பிழை. பெயரைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

பதில் 2:
ரைட் கிளிக் செய்து அட்மினாக ஓட்டினீர்களா? அப்படி ஓட்டினால் பேட்ச் ஃபைல் பென் டிரைவில் நிற்காது, சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் நிற்கும். டிரைவர் ஃபோல்டரை அங்கே தேடியிருக்கும். பேட்ச் ஃபைலின் இரண்டாவது வரியாக, அது இருக்கும் இடத்துக்கே திரும்பிப் போகிற சிடி கட்டளையைச் சேருங்கள். சதவீதக்குறி, அலைக்கோடு, டிபி0 என்று எழுதுவார்களே, அது.

டீச்சர்:
அதேதான்! 17-உம் முடிந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாணவர் லாகினிலும் பிரிண்ட் வருகிறது. விண்டோஸ் 7 இரண்டில் மட்டும் அந்தப் பவர்ஷெல் கட்டளைகளே இல்லை என்கிறது.

பதில் 2:
அவை விண்டோஸ் 8-லிருந்துதான் வந்தன. இரண்டே இரண்டுதானே, கையால் போடுங்கள்: ஆட் பிரிண்டர், லோக்கல் பிரிண்டர், புதிய போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி, அதே எண். போடும் முன் அவை 32 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் டிரைவரும் 32 பிட் வேண்டும், பென் டிரைவில் இருப்பது சேராது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, அந்த இரண்டையும் இன்டர்நெட்டிலிருந்து கழற்றியே வையுங்கள்.

டீச்சர்:
இரண்டும் 32 பிட்தான். அதற்கான டிரைவரை இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரை அணைத்த பிறகு எட்டாம் வகுப்பு கணக்கு வினாத்தாளை லேபிலிருந்து எடுத்துப் பார்த்தேன், 40 பக்கமும் வந்துவிட்டது. மிக்க நன்றி சார்.